கட்டி வைத்த சுக்கான்

மீன் கழுவிக்கொண்டிருந்த மூத்த மருமகள் தலை நிமிர்ந்தபோது, நடு ஏரியில் அவர்கள் வீட்டு நீலப் படகு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடுகிறது, படகில் ஆள் இல்லை.

படகைத் திருப்பும் சுக்கானைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, படகு தானாக ஓட, இரண்டு கையாலும் வலையை இழுக்கிற கிறுக்குத்தனம் அந்த ஏரியிலேயே அவள் புருஷன் ஒருவனுக்குத்தான் உண்டு. துணைக்கு ஒரு ஆளை ஏற்றிக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "எனக்கு நீச்சல் தெரியாதாடி?" என்று பல்லைக் காட்டுவான். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர்; விழுந்த கொஞ்ச நேரத்தில் கைகால் விறைத்துவிடும். நீச்சலாம், பெரிய நீச்சல்!

"ஐயோ, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

அவள் தண்ணீரில் இறங்கப் போனதைப் பார்த்து, கொழுந்தன் பொண்டாட்டி ஓடிவந்து பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அடுப்படியில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். காலையில்கூட உப்பு டப்பாவுக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான்.

"அக்கா, வேணாம்க்கா. மாமாவுக்குத் தெரியாத தண்ணியா? டீசல் வாங்கப் போன எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துடுவாரு, வந்ததும் போய்ப் பார்க்கச் சொல்றேன்."

அப்போது சுற்றுலாக்காரர்கள் படகேறும் சவாரித் துறைப் பக்கமிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். தோளில் துடுப்பு, கையில் மிதவைச் சட்டைகள். அவள் புருஷன்!

எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். கன்னத்தைத் தடவினாள். சூடாக இருந்தது.

"நல்லவேளை சாமி! நீங்க இல்ல, நீங்க இல்ல!"

வாய் முந்திக்கொண்டது. அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவன் கண் ஏரியில் இருந்தது, முகம் வெளுத்திருந்தது.

"சவாரிக்கு ஆள் வந்துடுச்சு. டீசலோட வந்த தம்பிய வலை எடுக்கப் போகச் சொன்னேன். ஒத்தையா எப்படிண்ணே இழுக்கிறதுன்னான். நான்தான்... நான்தான் கயித்தைக் கட்டிக் காட்டினேன்."

துடுப்பைப் போட்டுவிட்டு, கரையில் கிடந்த யாருடைய படகிலோ பாய்ந்து ஏறினான். அந்த எஞ்சின் சத்தம் ஏரிக்குள் தேய்ந்துகொண்டே போயிற்று.

சொன்ன சொல்லை எங்கே போய்ப் பொறுக்குவது? திரும்பி இளையவள் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. இடுப்பைச் சுற்றியிருந்த கைகளோ இன்னும் பிடியை விடவில்லை, இன்னும் அவளுக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பதுபோல.

"அக்கா," என்றாள் இளையவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, சின்னக் குரலில். "மாமா யாரைச் சொல்றாரு?"

மூத்தவள் தன் ஈரக் கைகளை அந்தக் கைகளின் மேல் வைத்து, அவை விலகிவிடாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.