ஒரே வீட்டில் இரண்டு ஆபத்து

உப்பாற்றூர் நகராட்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆபத்துகள் சேர்ந்து வந்தால், ஊழியர்களின் உறுப்புகள் தனித்தனியாகப் பணிக்குப் போகும். முன்பெல்லாம் ஆள் முழுசாக ஓர் இடத்துக்குப் போவார். வெள்ளத்தில் மூட்டை தூக்குகிறவரின் வாய் அங்கே சும்மாதானே இருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ கவனித்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து ஆட்கள் வந்து பயிற்சி கொடுத்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்த ஐப்பசியில் ஆற்றில் வெள்ளமும் ஊருக்குள் காய்ச்சலும் ஒன்றாக வந்து சேர்ந்தன. சுகாதாரப் பிரிவில் வேலை பார்க்கும் அமலியின் கைகள் கரையில் மணல் மூட்டை அடுக்கப் போயின. கால்கள் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரிக்கப் போயின. வாய், கடன் வாங்கிய ஒரு காதோடு, கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்க அமர்ந்தது. அமலியின் வாய் ஊரறிந்த வாய், அதை வேறு எங்கும் போட்டிருக்கவும் முடியாது. மிச்சமிருந்த கண், காது, மடி எல்லாம் வீட்டு நாற்காலியில் இருந்தன. மனசை எங்கே அனுப்புவது என்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை. அதனால் அதுவும் வீட்டிலேயே கிடந்தது.

தொந்தரவு அங்கேதான். வீட்டில் அவள் மகள் பிரிஸ்கா காய்ச்சலில் படுத்திருந்தாள். ஏழு வயசு. அப்பா கத்தாரில் இருந்தார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கரண்டியை நீட்டினால், பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள்.

"ஒரு வாய் குடிம்மா, தங்கம்லா."

"அம்மா கையால குடுத்தாதான் குடிப்பேன்."

"அம்மா கை ஆத்தங்கரையில இருக்குல்லா?"

"அப்ப வேண்டாம்."

ஸ்டெல்லா என்னதான் செய்வாள், பாவம். கஞ்சியை மூடி வைத்துவிட்டுப் போனாள். அமலி நாற்காலியில் இருந்தபடி அந்த மூடிய பாத்திரத்தையும் பிள்ளையின் காய்ந்த உதட்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பெற்றவளுக்கு வயிறு எரிந்தது. வயிறு வீட்டில்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல் அமலியின் கால்கள் வந்தன. முழங்காலில் மாட்டியிருந்த துணிப்பையில் மாத்திரைகளும், குமாஸ்தா யேசுவடியான் சாரின் வாயும் காதும் இருந்தன.

"வீட்டுல யாருக்காவது காய்ச்சல் உண்டுமா?" என்று கேட்டது சாரின் வாய்.

"எனக்கு" என்றாள் பிரிஸ்கா.

"பையில மாத்திரை இருக்கு, எடுத்துக்கோ. வெந்நி குடி. தண்ணி தேங்காம பாத்துக்கோ."

பிரிஸ்கா மாத்திரையை எடுத்துக்கொண்டு அந்தக் கால்களைப் பார்த்தாள். இடது காலில் மெட்டி இருந்தது. வலது குதிகாலில் வெடிப்பு இருந்தது. கால்கள் வழக்கம்போல வாசல் சாக்கில் சேற்றைத் துடைத்தன. உள்ளே வரப்போகின்றன என்றுதான் அமலியும் நினைத்தாள். ஆனால் பணி வீடு வீடாகப் போவது, எந்த வீட்டிலும் தங்குவதில்லை. கால்கள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டன. அமலிக்கு அழுகை வந்தது. கண்கள் வீட்டிலேயே இருந்ததால் அழ முடிந்தது என்று சொல்லலாம், ஆனால் கை இல்லாததால் துடைக்க முடியவில்லை.

பிரிஸ்கா கைப்பேசியை எடுத்தாள். காலையிலிருந்து அவள் செய்துகொண்டிருந்ததும் இதுதான்.

"வணக்கம், கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க, எந்தத் தெரு?" என்றது அமலியின் குரல்.

"அம்மா, நான்தான்."

"தெருப் பேரைச் சொல்லுங்க."

"லூர்து மாதா தெரு. எனக்குக் காய்ச்சல்."

"அங்க ஆள் வந்துட்டுப் போயாச்சே. கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் பிரிஸ்கா கூப்பிடுவாள். கேட்டதும் வைத்துவிடுவாள். இந்த முறை வைத்த பிறகு எழுந்து உட்கார்ந்தாள். பயிற்சி முடிந்து வந்த புதிதில் அமலி விதிகளை அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லி மனப்பாடம் செய்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. உண்மையில் அமலிக்கு முன்பே பிரிஸ்காவுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

ஒரே வீட்டில் இரண்டு ஆபத்து சேர்ந்தால், அந்தத் தெருவுக்குப் பொறுப்பான ஊழியரின் உறுப்புகளை மட்டுமே அங்கே அனுப்ப வேண்டும். பல பேரின் உறுப்புகள் ஒரே வீட்டில் புழங்கினால் திரும்பும்போது மாறிப்போகின்றன. ஒத்திகையின்போதே ஒரு மேஸ்திரி வேறொருவர் காதோடு ஓய்வுபெற்றுப் போய்விட்டார். ஆணையரின் கை நேரில் வந்து, ஆபத்து முடிந்தது என்று கையெழுத்துப் போடும்வரை அந்த உறுப்புகள் கலையக் கூடாது.

லூர்து மாதா தெருவுக்குப் பொறுப்பு அமலி.

பொய் சொல்லக் கூடாது என்று கோயிலில் மறைக்கல்வி சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆகவே பிரிஸ்கா முதலில் அடுப்படிக்குப் போய், தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தாள். அமலிக்கு வாய் இருந்திருந்தால் அதட்டியிருப்பாள். இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"எந்தத் தெரு?"

"லூர்து மாதா தெரு. காய்ச்சல் வீடுதான். இப்ப வீட்டுக்குள்ள தண்ணியும் வந்துட்டு."

அமலியின் வாய் விதியை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தது. பிறகு, "கவலைப்படாதீங்க, நாங்க வர்றோம்" என்றது.

முதலில் கால்கள் ஓடிவந்தன. பையை ஸ்டெல்லா வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்ததால், யேசுவடியான் சாரின் வாய் அங்கிருந்தபடி டீ கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்து கைகள் மணல் மூட்டைகளோடு வந்து, கட்டிலைச் சுற்றி ஒரு வரிசை அடுக்கின. அடுக்கிவிட்டு மண்ணைக் கழுவிக்கொண்டன. வாய் எவர்சில்வர் தூக்குச்சட்டியில் வந்தது. அமலி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எந்தத் தெரு?" என்றது வாய், பழக்கத்தில். பிறகு, "எஞ் செல்லம்" என்றது.

கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடுபண்ணி, துவையல் தொட்டு, அவளே ஊட்டினாள். பிரிஸ்கா பாத்திரம் காலியாகும்வரை குடித்தாள். அமலி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரமும் வீட்டில்தான் இருந்தது அந்த மடி. ஆனால் கை சேர்ந்த பிறகுதான் அது மடியாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. ஆணையரின் வலது கை இறங்கி விரல்களால் நடந்து உள்ளே வந்தது. அவருடைய மற்ற உறுப்புகள் எல்லாம் ஆய்வுக் கூட்டத்தில் இருந்தன. கையெழுத்துப் போட்டு ஒரு தெருவில் வெள்ளத்தை முடித்து வைத்த கை, மார்க்கெட்டில் சாய்ந்த மின்கம்பத்தை முடித்து வைத்த கை, களைத்திருந்தது. கட்டைவிரலில் பேனாவை இடுக்கியிருந்தது.

கை தரையைத் தடவிப் பார்த்தது. தரை காய்ந்திருந்தது. சிமென்ட் தரை, எவ்வளவு நேரம்தான் ஈரத்தை வைத்திருக்கும்? தண்ணீர் இல்லை என்றால் கையெழுத்து விழுந்துவிடும் என்று அமலிக்குத் தெரியும். பிள்ளையின் விரல்கள் அவள் புடவையை இறுக்கிப் பிடித்திருந்தன.

"சார், புள்ளைக்கு இன்னும் சூடு விடல சார்" என்றாள்.

கைக்குக் காது இல்லை. அது மணல் மூட்டைமேல் ஏறி, பேனாவை வைத்துவிட்டு, பிரிஸ்காவின் நெற்றியில் புறங்கையை வைத்தது. வைத்தபடியே இருந்தது. கூட்டத்தில் அந்நேரம் ஆணையரின் வாய் எதையோ விளக்கிக்கொண்டிருந்திருக்கும்.

பிறகு இறங்கி அடுப்படிப் பக்கம் போனது. அங்கே இரண்டாவது குடம் நிறைய இருந்தது. கை அதன் கழுத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளியது. குடம் சாய்ந்து, தண்ணீர் வீடெங்கும் பரவியது. பேனாவை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், கை ஜீப்பில் ஏறிப் போய்விட்டது.

தண்ணீர் கட்டில் பக்கம் வந்து மணல் மூட்டையில் தட்டி நின்றது. ஆற்று வெள்ளத்தில் போலவே அதில் இரண்டு கெண்டை மீன்கள் துள்ளின. அமலி அவற்றைப் பிடித்துச் சட்டியில் போட்டாள்.

"பொரிச்சுத் தாங்கம்மா" என்றாள் பிரிஸ்கா.

"காய்ச்சக்காரி பொரிச்சது திங்கக் கூடாது. குழம்பு வைக்கேன்" என்று சொல்லிவிட்டு, அமலி புளியைக் கரைக்கப் போனாள்.