மேற்கு ஜன்னல்

கண்டக்டர் தருமன் ரிட்டையர் ஆனதும் அவலூர்ப்பேட்டை ரோட்டில், ஊரை விட்டுத் தள்ளி, பௌர்ணமி நகரில் அடுத்தடுத்து இரண்டு மனை வாங்கினார். முந்தின வருஷம் வரைக்கும் அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைந்த கொல்லை. வெள்ளைக் கல் நட்டு, கலர் கொடி கட்டி, பெயர் வைத்துவிட்டால் கொல்லை நகராகிவிடும்; நம் ஊரில் அதற்கு வேறெதுவும் வேண்டியதில்லை. கிழக்கு மனையில் தானும் மனைவி ரேணுகாம்பாளும் இருக்க வீடு. மேற்கு மனை மகன் கலையரசனுக்கு. கனடாவில் சம்பாதித்தது போதும் என்று அவன் திரும்பி வருகிற அன்றைக்கு அதில் கட்டிக்கொள்வான்.

"மேக்கால மூணடி வுட்டுக் கட்டலாம் சார், நாளைக்குக் காத்து வெளிச்சம் வேணும்ல" என்று மேஸ்திரி குமரேசன் சொல்லித்தான் பார்த்தார்.

தருமனுக்குச் சிரிப்பு வந்தது. "பக்கத்து மனை யாருது? என் புள்ளையுது. பெத்தவங்க ஜன்னலுக்குக் குறுக்க செவுரு வைப்பானா அவன்?"

எல்லைக்கல்லை ஒட்டியே சுவர் எழும்பியது. படுக்கையறையில் மேற்கே பெரிய ஜன்னல். திறந்தால் அண்ணாமலையார் மலை, அடியிலிருந்து உச்சி வரை.

ரேணுகாம்பாளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு அந்த ஜன்னல்தான் அவளுக்குக் கோயிலும் கிரிவலமும். காலையில் தருமன் தலையணையை உயர்த்தி வைப்பார். அவள் மலையைப் பார்த்து ஒற்றைக் கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கார்த்திகை தீபத்தன்று உச்சியில் நெருப்பைப் பார்த்தால்தான் வீட்டில் அகல் ஏற்றச் சொல்வாள். அதுவரை பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாது. அந்த நேரத்துக்குச் சரியாகக் கலையரசன் வீடியோவில் வந்துவிடுவான். போனை ஜன்னல் பக்கம் திருப்பினால் அவனும் அங்கிருந்தே தீபம் பார்ப்பான்.

போன வருஷம் தீபம் பார்த்த கையோடு, கனடாவில் ரெஜைனா என்கிற ஊரில் வீடு வாங்கிவிட்டதாகச் சொன்னான். ஊர் ஓரத்தில், கோதுமை வயலில் புதிதாகப் போட்ட நகர்.

"எல்லா வீடும் ஒரே மாதிரிப்பா. முன்னால காம்பவுண்டே கெடையாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல எடம் வுட்டே ஆகணும், ரூல்ஸ்."

"காம்பவுண்டு இல்லன்னா மாடு பூந்துடாதாடா?"

சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவன் விஷயத்துக்கு வந்தான். "அந்த மனை இனிமே எதுக்குப்பா? குடுத்துடலாம். நாங்க இங்கயே இருந்துடறோம்."

தருமன் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். "புள்ள கேட்டுட்டான். குடுத்துடுங்க" என்றாள். ஜன்னலைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் வேண்டாம் என்றிருப்பான், அதனாலேயே சொல்லவில்லை. பிள்ளை மனசில் பாரம் ஏற்றக் கூடாதாம். இப்படியும் பெற்றவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்வது.

மனையை வாங்கிய பிரசாத், கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்காக மூன்று மாடியில் வாடகை அறைகள் கட்டத் தொடங்கினான். ஐப்பசியில் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்தது. தருமன் போய் நின்றார்.

"தம்பி, கொஞ்சம் தள்ளிக் கட்டக் கூடாதா? வீட்ல படுத்த படுக்கையா கெடக்கறாங்க. மலையப் பாத்துக்கினுதான் பொழுதே போவுது."

பிரசாத் கெட்டவனில்லை. சங்கடப்பட்டு நெளிந்தான். "என் எல்லைக்குள்ளதான் சார் கட்றேன். நீங்க எடம் வுட்டிருந்தா நானும் வுட்டிருப்பேன். நீங்க ஒரு அடி கூட வுடலியே."

பஸ்ஸில் எத்தனையோ பேரிடம் சில்லறைக்கு மல்லுக்கு நின்ற மனிதர், எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

தீபத்தன்று ஜன்னலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி பூசாத செங்கல் சுவர் கூரை மட்டம் வரை நின்றது.

"நாலு பேரக் கூட்டியாந்து நாற்காலியோட மாடிக்குத் தூக்கிடறேன் ரேணு" என்றார் தருமன்.

"வேணாங்க. நாலு பேரு தூக்கற நாளு தானா வரும்."

சாயங்காலம் தெருவில் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று சத்தம் எழுந்தது. வெடி வெடித்தது. ரேணுகாம்பாள் செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலியேங்க" என்றாள், சின்னக் குழந்தை மாதிரி.

தருமன் எழுந்தார். மாடிக்கு ஓடினார், பார்த்தார், மூச்சு வாங்க இறங்கி வந்தார். "எரியுது ரேணு. நல்லா எரியுது."

அவர் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க பாத்தீங்க இல்ல, போதும். ஏத்துங்க."

முதல் அகலை வழக்கம்போல ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெளிச்சம் செங்கல்லில் விழுந்தது. அப்போது போன் அடித்தது.

"ப்பா, ஏத்திட்டாங்களா? ஜன்னல் பக்கம் திருப்புங்க."

தருமனுக்குக் கை வரவில்லை. ரேணுகாம்பாள்தான் பேசினாள். "இங்க மறைக்குது கண்ணு. உன் புது வீட்டு ஜன்னலக் காட்டு, பாக்கலாம்."

கலையரசன் உற்சாகமாகப் போனைத் திருப்பினான். அங்கே இன்னும் விடியவில்லை. ஒரு தெருவிளக்கு, அதற்குக் கீழே பனி. "எதுர்ல வெறும் வயலும்மா. விடிஞ்சா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தெரியும். அடுத்த வருஷம் அங்கயும் வீடு வந்துடும்."

"அப்ப இப்பவே நல்லா பாத்து வெச்சிக்க."

அவன் சிரித்தான். "சரி, அங்க என்னம்மா மறைக்குது?"

அவள் செங்கல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஜன்னலுக்கும் மலைக்கும் நடுவில் இருந்தது அவனுடைய மனை ஒன்றுதான். போனில் சிரிப்பு நின்றது. தருமன் அகலுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.