கையெழுத்துக்குப் பதில் ஒரு பாட்டு

உப்பளத்து வேலை முடிந்து வந்த சந்தனமேரி, குடத்துத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள். குடித்த வேகத்தில் துப்பினாள். பகலெல்லாம் வாரிக் குவித்த உப்பு போதாதென்று தெருக்கிணறும் கரித்தது. பக்கத்தில் அருள்பிரகாசத்தின் இறால் பண்ணை வந்த பிறகுதான் இந்தக் கேடு. அவர் வீட்டுக்கு மட்டும் கேன் தண்ணீர் தவறாமல் வந்தது.

அந்த அருள்பிரகாசம்தான் 2006 அக்டோபரில் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நின்றார். பண்ணையை மூடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டு என்று தெருவே கூடி முடிவு செய்தது. கையெழுத்துக்கான தாளை எழுதிக் கையில் வைத்திருந்தவள் சாலம்மாள். சந்தனமேரியோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள். சாலம்மாளின் ஏழு வயது மகள் மேரிசெல்விக்கு அந்தத் தண்ணீரால் மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு. பெற்ற வயிறு எரியாதா?

அருள்பிரகாசம் கையெழுத்துப் போடவில்லை. தன் ஆள் லாரன்ஸைச் சந்தனமேரியிடம் அனுப்பினார்.

"யக்கா, பெரிய வெள்ளிக்குக் கோயில்ல நீ பாடுற புலம்பல் இருக்குதே, அந்த மெட்டுல நாலு வரி பாடிக் குடு. ஜீப்பு, மைக்கு எல்லாம் ரெடி. உன் கொரலு கூனிமேடு வரைக்கும் கேக்கணும்."

"அது மாதா பாட்டாச்சேப்பா."

"மெட்டு மட்டுந்தான்க்கா. வார்த்தை நம்மளுது. அண்ணன் ஜெயிச்சா பைப்பு போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாரு."

"பண்ணைய மூடுவாரா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்க்கா."

செத்த மகனை மடியில் கிடத்தி மாதா அழும் பாட்டு அது. சாவு வீடுகளிலும் அதைத்தான் பாடுவாள். அவள் பாடினால் கல்நெஞ்சக்காரனும் கண்ணைத் துடைப்பான். ஆனால் இருபது வருடமாக ஒருவரும் அவள் கையில் மைக்கைக் கொடுத்ததில்லை. ஆசை யாரை விட்டது? தலையை ஆட்டிவிட்டாள்.

"தாகத்தால தவிச்ச சனமே, தண்ணியில்லாத் தெருவு சனமே,
அள்ளித் தர வந்தாரம்மா, அருள்பிரகாசம் வந்தாரம்மா..."

ஜீப் தெருவுக்குள் நுழைந்ததுமே பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவரவர் வீட்டுச் சாவு அவரவருக்கு ஞாபகம் வந்தது. சாலம்மாள் ஒருத்திதான் தாளைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் ஓடி வந்தாள்.

"அழுவாதீங்கடி! கையெழுத்தக் கேளுங்கடி!"

ஒலிபெருக்கிச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. சந்தனமேரிக்கு மட்டும் அவள் வாயசைவு புரிந்தது. புரிந்தும் அவள் பாட்டை நிறுத்தவில்லை.

அருள்பிரகாசம் ஜெயித்தார். பைப் வரவில்லை. நவம்பர் அடைமழையில் பண்ணைக் குட்டை உடைந்து கழிவெல்லாம் கிணற்றில் கலந்தது. தெருவே வாந்தியும் பேதியுமாகச் சுருண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே மேரிசெல்வி செத்துப்போனாள்.

பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து சந்தனமேரி வழக்கம்போல் புலம்பலை எடுத்தாள். முதல் வரி முடியவில்லை. சாலம்மாளின் கை அவள் வாயைப் பொத்தியது.

"நிறுத்துடி. இதப் பாடித்தான அவனுக்கு ஓட்டு வாங்கிக் குடுத்த? எம்பொண்ணுக்கு அது வேணாம்."

அந்த நேரம் பார்த்து மாலையும் கையுமாக அருள்பிரகாசம் வந்து நின்றார். கூட வந்த லாரன்ஸ் குனிந்து, "யக்கா, அண்ணன் வந்துருக்காரு. பாடுக்கா" என்றான்.

சந்தனமேரி எழுந்தாள். குரல் உடையாமல் வந்தது.

"பாட மாட்டேன். எல்லாரும் கேட்டுக்குங்க. பாட்டு கேட்டு அழுவுறது தப்பில்ல. ஆனா அழுத கண்ணோட போயி ஓட்டு போட்டுடாதீங்க. யாரு பாட வைக்கிறான், எத மறைக்கப் பாட வைக்கிறான்னு மொதல்ல கேளுங்க. அத நான் கேக்கல. கேட்டிருந்தா இந்தப் புள்ள இன்னிக்கு ஸ்கூலுக்குப் போயிருக்கும்."

அருள்பிரகாசத்தின் மாலையை யாரும் வாங்கவில்லை. சாலம்மாள் சந்தனமேரியின் முகத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேரிசெல்வியைப் பாட்டில்லாமலே கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.