கோட்டை பார்க்கப் போனவர்

சவத்தின் சட்டையைக் கழற்றிக் கத்தரீனாவின் கையில் திணித்துவிட்டு, ஆண்கள் நாலு பேர் அவளுடைய தகப்பன் கிறகோரியைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனார்கள். ஊறப்போடுமுன் பையைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். சுருட்டுத் துண்டோடு சட்டையை ஊறப்போட்டு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. செத்த நாளிலும் கை தன்பாட்டில் பைக்குள் போனது. ஒரு செபமாலை, பாதிச் சுருட்டு, நாலாக மடித்த கொப்பித்தாள்.

தாளை விரித்தாள்.

பென்சிலால் கீறிய படம். ஐந்து முனையோடு கோட்டை. அதைச் சுற்றி மணிக்கூட்டுக் கோபுரம், எரிந்த நூலகம், தண்ணீர்த் தாங்கி, பெரிய கோயில். கீறத் தெரியாத கை, ஆனால் கவனமாகக் கீறியிருந்தது. சில கட்டடங்களின் மேல் பெருக்கல் குறிபோலப் புள்ளடி. சிலவற்றிலிருந்து கடற்பக்கமாக இழுத்த கோடுகள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் எண்கள். குண்டு போட வருகிற ஆமியின் பிளேன்காரனுக்கு இதைவிட நல்ல படம் வேண்டியதில்லை என்று அவளுக்குப் பட்டது. யாரும் பார்க்குமுன் மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

ஆமி கோட்டையை விட்டுப் போய் மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. தொண்ணூறாம் ஆண்டு அந்தச் செப்டெம்பர்க் கடைசியிலிருந்து ஊரே திருவிழாவுக்குப் போவதுபோலப் போய்ப் பார்த்தது. நீர்வேலியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார்கள். எல்லோரும் ஒரு முறை பார்த்து ஆசை தீர்ந்து போனார்கள். கிறகோரி மட்டும் ஏழு முறை போனார். உடுக்க ஒரு சாரம் வாங்கப் பெரியகடைக்குக் கூப்பிட்டாலும் “நீ போயிட்டு வா” என்கிற மனிதர், அறுபத்தெட்டு வயதில், நெஞ்சுநோவோடு, குருநகரிலிருந்து வெயிலில் நடந்து போனார்.

“ஏனப்பு திரும்பத் திரும்பப் போறியள்?”

“சும்மா, புதினம் பாக்க.”

ஒரு நாள் அவளும் பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு கூடவே போனாள். அகழியைக் கடந்து உள்ளே போனால் கால் வைக்குமிடமெல்லாம் வெற்று ரவைக்கோதுகள். பழைய தேவாலயம் கற்குவியலாகக் கிடந்தது. சனம் தூக்குமேடையைத் தேடியது, சுரங்கத்தைத் தேடியது. பங்கர் கட்டவென்று சிலர் மதிற்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கிறகோரி எதையும் பார்க்கவில்லை. மதிலில் ஏறி நின்று கடலைப் பார்த்தார். பிறகு திரும்பி ஊரைப் பார்த்தார். கல் பெயர்த்தவர்களிடம் போய் எந்தப் பக்கத்தை உடைக்கப்போகிறார்கள், எதை விடப்போகிறார்கள் என்று விசாரித்தார். அங்கிருந்து நூலகத்துக்குப் போய் அதன் கருகிய சுவரைக் கையால் தட்டினார். மணிக்கூட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“ஆரோடை கதைக்கிறியள்?”

“உனக்கேன் உந்த விடுப்புக் கேள்வியெல்லாம்? பிள்ளையளைப் பார்.”

அன்றைக்கு விழுந்த சந்தேகம். எண்பத்தாறில் மீன்பிடிக்கப் போனவரை நேவி கடலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போய்க் கோட்டைக்குள் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கீறலும் இல்லாமல் நடந்து வந்தார். எப்படி விட்டார்கள் என்று அப்போதே ஊரில் சிலர் வாய்க்குள் மென்றார்கள். அவள் அவர்களோடு சண்டை பிடித்திருக்கிறாள். இப்போது அதே கேள்வி அவளுடைய மனத்துக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டது. பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

இன்றைக்கு விடியற்காலை தேத்தண்ணி கேட்டார். அவள் கொண்டுவருமுன் நாற்காலியில் தலை சரிந்துவிட்டது.

சவப்பெட்டிக்குச் சொல்லப் புருஷன் இன்னாசித்தம்பி போயிருந்தான். வாசற்படலையடியில் நின்ற மரியரட்ணம் அவளைக் கண்டதும் கிட்ட வந்தான். மூன்று வீடு தள்ளி இருப்பவன், சொந்த வள்ளத்தில் மீன்தொழில் செய்பவன்.

“பிள்ளை, ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதை.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“அப்பு கோட்டைப் பக்கம் நிண்டு என்னவோ எழுதினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். அந்தத் தாள் வீட்டிலை கிடக்கோ?”

“எனக்குத் தெரியாது.”

“கிடந்தால் என்னட்டைத் தா. நான் பக்குவமாய் வைச்சிருப்பன். வேறை ஆரும் வந்து கேட்டால் உங்களுக்குத்தான் கரைச்சல்.”

அவன் குரலைத் தாழ்த்தித்தான் இதைச் சொன்னான். ஆமிக்குத் துப்புச் சொன்னவர்கள் என்று இயக்கம் ஆட்களை விளக்குக் கம்பத்தில் கட்டிக் கழுத்தில் மட்டை தொங்கவிட்ட காலம். செத்தவருக்கு இனிப் பயமில்லை. இருப்பவர்களுக்கு? புருஷனை நாளைக்கு விசாரணைக்கென்று யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? ‘காட்டிக்கொடுத்தவன்ரை பேத்தியள்’ என்று ஊர் சொன்னால் இந்த இரண்டு பெட்டைகளும் எங்கே போய்த் தலைகாட்டும்?

பிரேதம் கிடக்கிற வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அன்றைக்குத் தேத்தண்ணிகூட அயலிலிருந்துதான் வந்தது. கத்தரீனா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தி, நாலு தென்னம்பன்னாடையைப் போட்டு அடுப்பை மூட்டினாள். தாளை வைத்தாள். கோட்டை முதலில் கருகியது. கோபுரம், நூலகம், எண்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டன. சாம்பலையும் விடவில்லை, அகப்பைக் காம்பால் கிண்டித் தூளாக்கினாள்.

புகையைக் கண்டு அருமைநாயகி மாமி கதவைத் தள்ளினாள். கிறகோரியின் தங்கச்சி அவள்.

“என்னடி உது! என்ரை அண்ணை சவமாய்க் கிடக்க அடுப்பு மூட்டிறியோ?”

“அப்புவைக் குளிப்பாட்டச் சுடுதண்ணி வைக்கிறன் மாமி.”

“குளிப்பாட்டி உடுப்பும் போட்டாச்சு. உனக்கென்ன விசரே?”

கத்தரீனா அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

பின்னேரம் துக்கமணி அடித்தது. குருநகரில் அன்றைக்கு ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். வந்த ஒவ்வொரு முகத்தையும் கத்தரீனா உற்றுப் பார்த்தாள். அழ வந்தவர்களா, வேவு பார்க்க வந்தவர்களா? பெட்டியை மூடுமுன் தகப்பனின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தவள், ‘அப்பு, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?’ என்று மனத்துக்குள் கேட்டாள். மற்றப் பெண்கள் குழறியதுபோல அவளுக்கு அழுகை வரவில்லை. மாமி அதையும் கவனித்தாள்.

அடுத்த நாள் காலை சந்தியோகு வந்தார். நாற்பது வருஷமாகக் கிறகோரியின் பங்காளி. இரண்டு பேருக்கும் ஒரே வள்ளம். சவம் அடக்குமுன் தொழிற்கதை எடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர், வந்ததும் திண்ணைக் குந்தில் அமர்ந்து தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, உன்ரை அப்பர் ஒரு தாள் வைச்சிருப்பார். அதை எடு.”

கத்தரீனா அப்படியே நின்றாள். “என்ன தாள் மாமா?”

“குறித்தாள். எங்கடை நாப்பது மீன்கூடும் கடலுக்கடியிலை கிடக்கு. மிதப்புக் கட்டினால் நேவி காணும், கள்ளனும் காணுவான். அதாலை மிதப்பில்லாமல்தான் இறக்கினது. கோட்டைத் தேவாலயத்துக் கூரையையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் நேர்பிடிச்சுத்தான் அவர் இடம் காணுறது, எனக்கு வள்ளம் தள்ளுற தாங்குகோல் பிடிக்க மட்டும்தான் தெரியும். செல்லடியிலை கூரை போச்சு. வேறை குறி வேணுமே! கடலிலை நிண்டு பாத்தால் எல்லாம் நிக்கிறமாதிரித்தான் தெரியும். எது நிலைக்கும், எது விழும் எண்டு கிட்டப் போய்ப் பாத்தால்தானே? அதுக்குத்தான் மனுசன் உந்த அலைச்சல் அலைஞ்சது. விழப்போறதுக்குப் புள்ளடி போடுறன் எண்டவர்.”

“குறியை ஆரும் எழுதிறேல்லையே மாமா.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மீன்பிடிகாரன் மகள் அவள். குறி, வள்ளம் நடத்துகிற தண்டையலின் தலைக்குள்ளேதான் இருக்கும், பெண்டாட்டிக்கும் சொல்ல மாட்டான், மருமகனுக்கும் சொல்ல மாட்டான். அதைப் போய்த் தாளில் எழுதுவார் என்று அவள் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

“நெஞ்சுநோ வந்தபிறகு பயந்திட்டார். ‘நான் போனாலும் இன்னாசித்தம்பிக்கு ஒரு வழி வேணும்’ எண்டவர். அவனுக்கெண்டுதான் எழுத வெளிக்கிட்டவர். ஆருக்கும் காட்டிப்போடாதை, மரியரட்ணமும் மோப்பம் பிடிச்சுக்கொண்டு திரியிறான்.”

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இன்னாசித்தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

“எங்கையெண்டு பாத்து எடன் பிள்ளை. இல்லாட்டி அவர் எழுதவே இல்லையோ?” சந்தியோகுவின் முகம் மாறியது. “என்னட்டையும் மறைச்சுப்போட்டானோ, கள்ளன்?”

அந்தச் சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

“எழுதினவர் மாமா. நான்தான் எரிச்சன்.”

“ஏனடி?”

கத்தரீனா வாயைத் திறந்தாள். புருஷன் ஊசியைக் கீழே வைத்துவிட்டான். பிள்ளைகளும் எட்டிப் பார்த்தன. ‘பயத்திலை’ என்றால் யாருக்குப் பயம் என்று கேட்பார்கள். யாருக்கு என்று சொன்னால் அப்புவை என்னவென்று நினைத்தாள் என்பது தெரிந்துவிடும்.

அவள் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னாள். சந்தியோகு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் அவள் கரைக்குப் போனாள். வள்ளம் தூரத்தில் நின்றது. சந்தியோகு தாங்குகோல் பிடிக்க, இன்னாசித்தம்பி மீன்கூட்டில் மாட்டட்டும் என்று கயிற்றில் கட்டிய கொக்கியைக் கடலடியில் இழுத்துக்கொண்டு நின்றான். வள்ளம் மெதுவாகக் கிழக்கே போனது. கொக்கியைத் தூக்கிப் பார்த்தார்கள். சாதாளைப் பாசி மட்டும் தொங்கியது. உதறிவிட்டு, வள்ளத்தைத் திருப்பி, இரு கை விரித்த ஒரு பாகம் தள்ளி, மேற்கே வந்தார்கள்.