விழுந்தது: பூஜ்யம்

சனிக்கிழமை மாலை, சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பாசஞ்சரில் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தேன். காரணம் எதுவும் இல்லை. மடியில் நோட்டு. நான் ஏறிப் பழகும் சுவரில், பச்சை நிறப் பிடிகளால் ஆன பாதையின் இருபத்திரண்டு பிடிகளையும் அதில் வரிசையாக எழுதியிருந்தேன். ஒன்று: இடது கை, வாழைப்பழ வடிவம். இரண்டு: வலது கால், சின்னது, நுனிவிரல் மட்டும். கண்ணை மூடினால் சுவர் தெரிந்தது.

திங்கட்கிழமை எனக்குத் தேர்வு. செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடமாக மேசையில் உட்கார்ந்து புகார்களைப் பதிவு செய்கிறேன். கோபுரம் ஏறும் வேலைக்கு மாற வேண்டுமானால், பயிற்சிக் கோபுரத்தில் பன்னிரண்டு மீட்டர் ஏறி, இடுப்புப் பெல்ட்டை மாட்டி, இரண்டு கையையும் விட்டுவிட்டு ஒரு போல்ட்டை முடுக்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் நடந்த தேர்வில் ஏறிவிட்டேன். கையைத்தான் விட முடியவில்லை. கடைசியில் மேற்பார்வையாளர் செந்தமிழ்செல்வன் மேலே வந்து, கம்பியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கீழே கூட்டி வந்தார். இரண்டாவது வாய்ப்பு கொடுத்தார்கள். மூன்றாவது கிடையாது.

அதற்காகத்தான் கடலூர் முதுநகரில், பழைய கிடங்கு ஒன்றுக்குள் நடக்கும் சுவர் ஏறும் வகுப்பில் சேர்ந்தேன். வாரம் இரண்டு மாலை, ஏழு வாரம். பலன் இல்லை என்று சொல்ல முடியாது. தோள்வலி போயிற்று. வீட்டில் இறுகிக் கிடந்த ஜன்னல் கொக்கி ஒரே இழுப்பில் திறந்தது. படுத்தால் தூக்கம் வருகிறது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் நோட்டில் மூன்று வரி எழுதுவேன்: எத்தனை பிடி, எத்தனை நிமிடம், எத்தனை முறை விழுந்தேன். கடைசி வரியில் எப்போதும் பூஜ்யம்தான். கை தளர்கிற மாதிரி இருந்தால் விழுவதற்கு முன்பே இறங்கிவிடுவேன். அது திறமையா, வேறு ஏதாவதா என்று அவ்வப்போது சந்தேகம் வரும். அதை எழுதியதில்லை.

கிடங்குக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். என் பச்சைப் பாதை சுவரில் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிடிகளையெல்லாம் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, இடம் மாற்றி முடுக்குவது அங்கே வழக்கம். பயிற்சி கொடுக்கும் அன்பரசு முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். நோட்டைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில், என் கையெழுத்தில், அடிக்கோட்டோடு அன்றைய தேதி இருந்தது: ஆகஸ்ட் ஒன்று.

பழையபடி மாட்ட முடியுமா என்று கேட்டேன். என் பிடிகளில் பாதி இன்னும் பக்கெட்டில் ஊறுவதாகச் சொல்லிவிட்டு, அன்பரசு வேறு ஆட்களைப் பார்க்கப் போனார்.

"செவுத்துக்கு பிட்டு எழுதிக்கினு வந்த மொத ஆளு நீதான்டி இலக்கியா" என்றாள் சத்யப்பிரியா. என் வயதுதான், நர்ஸ். நான் ஏறும்போது கீழே நின்று கயிறு பிடிப்பவள். நோட்டை வாங்கிப் பார்த்தவள் கடைசி வரியில் நின்றாள். பக்கம் பக்கமாகப் பின்னால் போனாள். சிரிப்பு போய்விட்டது.

"ஏழு வாரமா கயித்தப் புடிச்சிக்கினு நிக்கிறேன். ஒரு தடவயாவது உன்னத் தாங்க உட்டிருக்கியா?"

இடுப்பில் முடிச்சைப் போட்டேன். அவள் சரிபார்த்தாள். நான் மறுபடி சரிபார்த்தேன். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஏறினேன். ஆறாவது பிடிக்கு மேல் எதைத் தொடுவது என்று தெரியவில்லை. இப்படியானால் வழக்கமாக இறங்கிவிடுவேன். கீழே பார்த்தேன். சத்யப்பிரியா கால்களை அகட்டி நின்றிருந்தாள்.

"கைய உடு. நான் இருக்கேன்ல."

இடது கை வந்தது. வலது வரவில்லை. ஜூன் மாதத்து விரல்கள் அதே மாதிரி இறுகின. எண்ணத் தொடங்கினேன், நான்கு வரைக்கும் போய் மறந்துவிட்டது. அப்போதுதான் விட்டேன்.

ஒரு முழம்கூட விழவில்லை. கயிறு இடுப்பைப் பிடித்து நிறுத்தியது. சத்யப்பிரியா நுனிக்காலுக்கு எழும்பி, திரும்ப ஊன்றினாள்.

"அரிசி மூட்டை மாதிரி கனக்கற" என்றாள்.

மறுபடி ஏறினேன். இன்னும் இரண்டு முறை விழுந்தேன். உச்சியைத் தொடவில்லை. எங்கே கால் வைத்தேன் என்பது ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

திங்கட்கிழமை காலை பயிற்சிக் கோபுரத்தில் பெல்ட்டை மாட்டினேன். கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன், மூன்றாவது முறைக்குப் போன கையைத் திருப்பிக்கொண்டேன். கீழே செந்தமிழ்செல்வன் அண்ணாந்து நின்றார். பின்னால் சாய்ந்தேன். பெல்ட் இறுகியது. இடது கை, பிறகு வலது கை.

போல்ட்டைத் துளையில் செருகினேன். நட் விரலிலிருந்து நழுவி, கம்பிகளில் பட்டுப் பட்டு, கீழே போய்ச் சேர்ந்தது.

"நட்டு விழுந்துடுச்சிம்மா" என்றார் அவர். "எறங்கறியா?"

"இல்ல சார். பாக்கெட்ல இன்னொண்ணு இருக்கு."

இரண்டு கையாலும் முடுக்கினேன்.