பிரேக் இல்லாத விமானம்

அறிவுச்செல்வி டிரைவிங் ஸ்கூல் என்றால் திண்டுக்கல்லில் கொஞ்சம் பயப்படுவார்கள். அந்த அறிவுச்செல்வி நான்தான். என் காரில் நான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மிதிப்பேன், மிதித்த கையோடு திட்டுவேன். பதினெட்டு வருஷமாக இதுதான் வேலை. திட்டாமல் யாருக்காவது கியர் மாற்ற வந்திருக்கிறதா, சொல்லுங்கள்.

பிரிட்டோ வந்து சேர்ந்ததுதான் வினை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், முப்பத்தைந்து வயது, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பயந்தால் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். ஒருநாள் பழக்கடை வாசல்வரை போய்விட்டோம். நான் திட்டிய திட்டில் கடைக்காரரே அவனுக்குப் பரிந்து பேசினார். அவன் மெல்ல ஒரு பந்தயம் கட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ரிமோட் விமானம் விடுவானாம். அதை மூக்கு வானம் பார்க்க, அந்தரத்தில் பத்து நொடி நான் நிறுத்திவிட்டால், எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வானாம். முடியாவிட்டால் காருக்குள் யாரையும் நான் திட்டக் கூடாதாம். பொங்கல்வரை கெடு. என் வாய்க்கே பூட்டுப் போடப் பார்க்கிறானே என்ற ஆத்திரத்தில் ஒத்துக்கொண்டேன்.

செம்பட்டி ரோட்டில் தரிசாகக் கிடந்த ஒரு காட்டில் பழகினோம். நேராகப் பறக்கவிட ஆவணிக்குள் வந்துவிட்டது. நிறுத்துவதுதான் வரவில்லை. அந்தரத்தில் நிற்கிற விமானத்தை இறக்கை தாங்காது. மூக்கில் சுற்றும் விசிறிதான் மொத்தப் பாரத்தையும் பிடித்திருக்கும். அந்தக் காற்று பட்டால்தான் வாலும் சொன்னபடி திரும்பும். விசிறி வேகத்தைக் குறைத்தால் இரண்டும் போச்சு. இதெல்லாம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் விமானம் லேசாக ஆடினாலே என் கால் தரையை ஓங்கி மிதிக்கும், இடது கட்டைவிரல் வேகத்தைக் குறைத்துவிடும். பழக்கதோஷம். "அக்கா, செத்த வேகத்தக் கூட்டுங்கக்கா" என்று பிரிட்டோ முனகுவான். அதற்குள் மூக்கு மண்ணில் இருக்கும்.

ஒட்டி ஒட்டி, விமானத்தில் பாதி பசைதான். ஆனாலும் ஒரு நொடி, இரண்டு நொடி அது நிற்கும்போது அப்படி ஒரு சந்தோஷம். சனிக்கிழமை மத்தியானமே பேட்டரிக்குச் சார்ஜ் போட ஆரம்பித்துவிட்டேன். அதற்காகத் தோற்க முடியுமா? வாயைக் கட்டிக்கொண்டு என்னால் ஒருநாள் காரில் உட்கார முடியாது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. மூன்று தடவை விழுந்தது. நாலாவது தடவை பனை உயரத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்தினேன். பிரிட்டோ நேரம் பார்க்கச் செல்போனை எடுத்தான். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. என் கால் மிதித்தது, விரல் இறங்கியது.

"குறைக்காத! கூட்டு, கூட்டு, விடாத!"

பிரிட்டோதான். அக்காவும் இல்லை, வாங்க போங்கவும் இல்லை. அவனுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். திடுக்கிட்டு விரலை மேலே தள்ளினேன். விசிறி இரைந்தது. சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கம் வாலைத் தட்டினேன், சொன்னபடி கேட்டது. நான் எங்கே பார்க்கிறேன், தூங்குகிறேனா, கை என்ன மரமா என்று அவன் திட்டத் திட்ட விமானம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பேட்டரி தீரப்போவதாக ரிமோட் கத்திய பிறகுதான் இறக்கினேன். பிரிட்டோவுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறி, தெரியாமல் பேசிவிட்டதாக மன்னிப்புக் கேட்டான். திட்டுகிற மும்முரத்தில் நேரம் பார்க்கவும் மறந்துவிட்டானாம். பத்து நொடி ஆனதா இல்லையா என்று சத்தியமாகத் தெரியாதாம்.

வேறு நாளாக இருந்தால் தோலை உரித்திருப்பேன்.

"எண்ணுனா என்ன, எண்ணாட்டி என்ன. இன்னொரு பேட்டரி இருக்குல்ல, போடு," என்றேன். "விரல் கீழ போச்சுன்னா, இப்பத் திட்டுன மாதிரியே திட்டு."