பால்மானி கோட்டைத் தாண்டிய காலை

எங்கள் வீட்டுப் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள், நாங்கள் பால் ஊற்றும் பேக்கரியின் புது மேலாளர்தான். அதையும் மற்ற பால்காரர்கள் வரிசையில் நிற்கும்போது சத்தமாகச் சொன்னார். நீளமான கண்ணாடிக் குழல் ஒன்றை எங்கள் பாலில் மிதக்கவிட்டார். பால்மானியாம். நல்ல பாலில் மேலே நிற்கும், நீர்த்த பாலில் கீழே இறங்கும். எங்கள் பாலில் அது கோட்டைத் தாண்டி இறங்கியது.

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கறந்த சூடு ஆறுவதற்குள் பால் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட வேண்டும். மற்றவர்கள் குளிரூட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். நான் அதற்கு ஒப்புவதில்லை. எங்கள் கேனைத் திறந்தால் ஆவி வர வேண்டும். அதுதான் எங்களுக்கு மரியாதை.

மாடு கறந்து கேனைக் கொண்டுபோவது என் தம்பி மகன். தகப்பனை இழந்து என் வீட்டில் வளர்ந்தவன். அன்று நானும் கூடப் போயிருந்தேன்; வீடு திரும்பியதும் அவனைக் கூப்பிட்டு, உண்மை தெரியும்வரை கேனைத் தொடக் கூடாது என்றேன். அவன் கேனை என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். மத்தியானம் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். வேறு எங்காவது வேலை தேடிக்கொள்கிறானாம். மருமகள் சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டு, முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததுமே விசாரணையைத் தொடங்கினாள்.

“தாத்தா, மத்தவங்க பால் எப்படி இருந்துச்சு?”

“ஜில்லுனு இருந்துச்சு. நம்மளுதுதான் சூடு. அதுக்கென்ன?”

“அப்ப சித்தப்பா ஒண்ணும் பண்ணல. நீங்கதான் அவரை மாட்டிவிட்டிருக்கீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை. பால் சூடாக இருந்தால் விரியும்; எடை கூடாது, அடைக்கும் இடம்தான் கூடும். அதனால் ஒரு டம்ளர் சூடான பால், ஒரு டம்ளர் ஆறிய பாலைவிட இலேசு. இலேசான பாலில் பால்மானி ஆழமாக இறங்கத்தான் செய்யும், அதற்குத் தண்ணீரே வேண்டாம் என்றாள். பள்ளிக்கூடப் பாடத்தை நம்பி அந்தப் பேக்கரிப் படியை மறுபடி மிதிக்க மாட்டேன் என்றேன்.

“நம்ப வேணாம் தாத்தா. அளந்து பாருங்க.”

சாயங்காலம் தம்பி மகனையே கறக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்றேன். ஒரு மாட்டின் பாலை ஆற்றி, இன்னொரு மாட்டின் பாலைச் சூடாகவே கொண்டுபோகலாம் என்றேன். இரண்டு பாலையும் சூட்டோடு கலந்து, பாதியை மட்டும் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து ஆற்ற வேண்டும் என்று வக்கீல் அடம்பிடித்தாள். ஒரே பாலாக இருந்தால்தான் கேள்வி வராதாம். மீதிப் பாதியை மூடிச் சூடு போகாமல் வைத்தாள். மூவரும் பேக்கரிக்குப் போனோம்.

சூடான பாலில் பால்மானி காலையில் போலவே இறங்கியது. ஆறியதில் கோட்டுக்கு மேலே நிமிர்ந்து நின்றது. மேலாளர் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார்.

“தப்பு என்னுதுதாங்க ஐயா. சூட்டைக் கவனிக்காம அளந்துட்டேன்.”

“என்கிட்ட வேணாம். கறந்தவன் அவன். அவனைப் பார்த்துச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். தம்பி மகன் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“பெரியப்பா, அடுத்தது நீங்க.”

கடைக்குள் ஆட்கள் இருந்தார்கள். நான் யார் முன்னாலும் தழைந்து பேசியவன் அல்ல. “உன்னைச் சந்தேகப்பட்டது தப்புடா” என்றேன், எல்லார் காதிலும் விழும்படியே.

வரும் வழியில் பாத்திரங்களை அவனே தூக்கிக்கொண்டான். தெரு திரும்பியதும், “நாளையிலேருந்து பாலை ஆற வெச்சுட்டுத்தான் கிளம்பணும். கொஞ்சம் முன்னாடியே என்னை எழுப்பிடுங்க” என்றான்.